கொடையும் கையொப்பமும்

புறநானூற்றின் 204ஆம் பாட்டு கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் முன் பாடப்பட்டது. இரப்பது, இல்லை என்பது, தானே முன்வந்து கொடுப்பது, கொடுத்ததை வாங்க மறுப்பது என்ற நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பாட்டு. பாடியவர் கழைதின் யானையார். மூங்கில் தின்னும் யானை என்று எந்தத் தாயும் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டாள். அவர் பாடிய வேறொரு பாட்டின் தொடரே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது என்று கருத இடமிருக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களின் வழக்கம் அது. பாட்டு கிடைத்து, பாடியவர் பெயர் கிடைக்காவிட்டால், பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து, மரியாதையாக ஒரு பெயரைச் செய்துவிடுவார்கள். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயரில்லாமல் ஒரு பாட்டை விட்டுவிட அவர்களுக்கு எளிதில் மனம் வரவில்லை.

ஓரியின் மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே ஊர்கள் விரியும். அவற்றில் ஒன்று வாசலூர்பட்டி. சுற்றுலா வருபவர்களுக்கு அங்குள்ள படகு இல்லத்தைத் தெரியும். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி அச்சில் படிக்கக் கிடைப்பது குறைவு.

இப்படி ஓர் ஊருக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத ஒரு கல்லூரி மாணவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளிதழின் சுற்றுலாப் பக்கத்திலிருந்து இரண்டு பத்தி, மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலிருந்து ஒரு பத்தி, யாரோ ஒருவர் எடுத்து வலைப்பூவில் போட்டிருந்த படகுப் படம். பத்து நிமிடத்தில் கட்டுரை தயார். சற்று நேரத்தில் அவருடைய பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்ற வரவேற்புக்குக் கீழேயே பதிப்புரிமை மீறல் அறிவிப்பும் வந்து நிற்கும். கட்டுரையைக் காணோம், படத்தையும் காணோம். புதுப் பயனர்களில் பலர் கோபித்துக்கொண்டு போவது இந்த இடத்தில்தான். அறிவு எல்லாருக்கும் பொது என்று சொல்லித்தானே இந்தக் களஞ்சியமே நடக்கிறது, பிறகு எதற்கு இந்தக் கெடுபிடி என்று கேட்பார்கள்.

கேள்வியில் தவறில்லை. பொது என்றால் பெயரில்லாதது, உரிமையாளர் இல்லாதது என்று எடுத்துக்கொள்வதுதான் கோளாறு. தமிழில் களஞ்சியம் செய்தவர்களின் வரலாறே இதற்கு நல்ல பாடம்.

முதலில் தனி ஆட்களின் காலம். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் 'அபிதான கோசம்' கொண்டுவந்தார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவரின் துணையோடு அச்சேறியது. அவர் மறைந்த பிறகு 1934இல் விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தது. ஒரு நூல், ஒரு பெயர். யார் எழுதியது என்ற கேள்விக்கே இடமில்லை.

அடுத்தது கூட்டு முயற்சி. கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முன்முயற்சியில் உருவான தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராக வைத்துக் 'கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாவது 1963இல் முடிந்து, இணைப்புத் தொகுதி 1968இல் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான துறை அறிஞர்கள் எழுதினார்கள். இங்கே பெயர் என்பது மதிப்பு மட்டுமல்ல, பொறுப்பும்கூட. வேதியியல் கட்டுரையில் பிழை இருந்தால் கேட்பதற்கு ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். அதற்கு இரு நூற்றாண்டுக்கு முன் பிரான்சில் திதரோவும் தலாம்பேரும் நடத்திய கலைக்களஞ்சியத்திலும் இதே ஏற்பாடுதான். எழுதியவர்களை அடையாளம் காட்டக் கட்டுரைக்குக் கீழே எழுத்துகள் இடுவார்கள். ரூசோவுக்கு ஒரு எழுத்து, தலாம்பேருக்கு ஒரு எழுத்து. பெரும்புகழ் இல்லாத ழோக்கூர் என்ற பிரபு ஏறத்தாழ 17,000 கட்டுரை எழுதிக் குவித்தார் என்று இன்று சொல்ல முடிவது அந்த ஒப்பெழுத்துகளால்தான்.

ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்த காலத்திலும் பெயர் சொல்லும் வழக்கம் இருந்தது. உ. வே. சாமிநாதையரின் முன்னுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து எந்தச் சுவடி கிடைத்தது, யார் ஒப்பிட்டுப் பார்க்க உதவினார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுவார். இணையம் வந்ததும் அது தொடர்ந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் எதைத் திறந்தாலும், தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்பது மேலேயே இருக்கும். காசு வாங்காமல் செய்த வேலைக்கு அது ஒன்றுதான் கூலி.

பெயர் வேறு, உடைமை வேறு என்பதைத் தமிழர்கள் பாரதி விவகாரத்தில் நேருக்கு நேர் பார்த்தார்கள். 1921இல் பாரதி இறந்தார். அன்றைய சட்டப்படி அவருடைய எழுத்தின் பதிப்புரிமை 1971 வரை இருந்திருக்க வேண்டும். பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றபோது சிக்கல் வெடித்தது. நாட்டின் கவிக்கு ஒரு தனியார் எப்படிச் சொந்தக்காரர் ஆகலாம் என்று எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டியது ஒன்று. பாரதியின் எழுத்து நாட்டுடைமையானதே தவிர, பாரதியின் பெயர் யாருடைய உடைமையும் ஆகவில்லை. இன்று யாரும் பாரதி பாடலை அச்சிட்டு விற்கலாம். தன் பெயரில் விற்க முடியாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. படைப்பை விற்றுவிட்டாலும், எழுதிக் கொடுத்துவிட்டாலும், 'இதைச் செய்தவன் நான்' என்று சொல்லும் உரிமையும் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைப்பாளியிடமே தங்கும். அமர்நாத் சேகல் என்ற சிற்பி தில்லி விஞ்ஞான் பவனுக்காகப் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் செய்து கொடுத்தார். 1979இல் அரசு அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டது. பணம் கொடுத்து வாங்கிய பொருள்தானே என்பது அரசின் வாதம். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பிக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கி, எஞ்சிய சிற்பத்தையும் அவரிடமே திருப்பித் தரச் சொன்னது.

பாரதியில் தொடங்கிய நாட்டுடைமை வழக்கம் பின்னர் பல எழுத்தாளர்களுக்கு விரிந்தது. மரபுரிமையர்க்கு அரசு ஒரு தொகை கொடுத்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். 2015-16 வாக்கில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை எந்தக் கட்டுப்பாடும் இல்லாத பொது உரிமத்தில் விக்கித் திட்டங்களுக்கு வழங்கியது. அவை தமிழ் விக்கிமூலத்தில் ஏறின. அந்த உரிமத்தில் பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. ஆனால் விக்கிமூலத்தில் அந்த நூல்கள் ஆசிரியர் பெயரோடுதான் நிற்கின்றன. சட்டம் கேட்காத இடத்திலும் வழக்கம் கேட்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2003 செப்டம்பர் 30 அன்று அதன் முதற்பக்கத்தைத் தொட்டவர் பெயர் சொல்லாத ஒருவர். அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அபுதாபியிலிருந்து சேர்ந்தார். இடைமுகத்தைத் தமிழாக்கினார், பிறகு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினார். தமிழ் விக்கிப்பீடியாவின் ழோக்கூர் என்று அவரைச் சொன்னால் தகும். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. ஆனால் அவர் எழுதிய எந்தக் கட்டுரையின் அடியிலும் அவர் பெயர் இல்லை. இருக்கக் கூடாது என்பது விதி. பெயர் இருக்கும் இடம் வேறு: 'வரலாற்றைக் காட்டவும்' என்ற சிறிய இணைப்புக்குப் பின்னால். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வரியைச் சேர்த்தார் அல்லது அழித்தார் என்பது அங்கே ஒன்று விடாமல் இருக்கும். திதரோவின் ஒப்பெழுத்தும் தூரனின் கட்டுரையாளர் பட்டியலும் செய்த வேலையை இந்தப் பக்கம் செய்கிறது.

விக்கிப்பீடியாவின் பதிப்புரிமை முழுவதும் அந்தப் பக்கத்தின்மீதே நிற்கிறது. அங்கே எழுதுபவர் தம் எழுத்தின் உரிமையை அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுப்பதில்லை. சேமித்த நொடியில் அது அவருடைய சொத்து, எந்தப் பதிவும் தேவையில்லை. அதோடு சேர்த்து உலகத்துக்கு ஒரு வாக்கும் கொடுக்கிறார்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிடலும் அதேபோல் பகிர்தலும் சேர்ந்த வகை இது.

முதலில் இருந்த உரிமம் வேறு. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட குனூ கட்டற்ற ஆவண உரிமத்தை எடுத்துக்கொண்டது. அதன்படி மறுபதிப்பு செய்பவர் உரிமத்தின் முழு வாசகத்தையும் கூடவே அச்சிட வேண்டும். அஞ்சலட்டையில் ஒரு படம் போடுவதற்கும் பல பக்கச் சட்ட வாசகம். 2009 ஜூனில், பயனர்களிடம் வாக்கெடுத்த பிறகு, கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறினார்கள். அதிலிருந்து கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தாலே பெயர் குறிப்பிட்டதாகும். 2023இல் அதன் நான்காம் பதிப்புக்கு நகர்ந்தார்கள். அதற்கு முன்பே, 2008இல், ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மான் நிறுவனம் ஜெர்மன் விக்கிப்பீடியாவை ஒரே தொகுதியாகச் சுருக்கி அச்சிட்டது. சுமார் தொண்ணூறாயிரம் பயனர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் பின்னிணைப்பாகப் போட்டார்கள். 2015இல் மைக்கேல் மாண்டிபெர்க் என்ற அமெரிக்கக் கலைஞர் ஆங்கில விக்கிப்பீடியாவை அச்சு நூல்களாக வடிவமைத்தபோது, பங்களித்தவர் பெயர்களுக்கு மட்டும் 36 தொகுதிகள் தேவைப்பட்டன. பெரும்பாலும் புனைபெயர்கள். செம்புலப்பெயனீரார்களின் கூட்டம்.

இந்த ஏற்பாடு புரிந்தால், புதுப் பயனருக்குக் கெடுபிடியாகத் தெரியும் விதிகள் ஒவ்வொன்றாக அவிழும். நாளிதழ்ப் பத்தியை ஏன் ஒட்டக் கூடாது? ஒட்டுபவர் அதன் உரிமையாளர் அல்லர். தன்னுடையதல்லாததை உலகத்துக்குத் தானம் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. யாரோ ஒரு பதிப்பாளர் நம்பி அதை எடுத்து அச்சிட்டால் மாட்டுபவர் அந்தப் பதிப்பாளர். அரசுத் தளம் மட்டும் என்ன, மக்கள் வரிப்பணம்தானே என்று பலர் கேட்பார்கள். அமெரிக்க நடுவண் அரசின் எழுத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை என்பது உண்மை. இந்தியாவில் அப்படி இல்லை. சட்டங்கள், அரசிதழ் அறிவிப்புகள் போன்ற சிலவற்றை விட்டால், அரசு வெளியீட்டுக்கும் வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு உரிமை உண்டு. தனி மனிதர் எழுத்துக்கு அவர் இறந்த பின் அறுபது ஆண்டு. முன்பு ஐம்பதாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்து 1991 முடிவில் பொதுவுக்கு வரவிருந்ததை ஒட்டியே 1992இல் பத்து ஆண்டு கூட்டினார்கள். ஒரு கவிஞருக்காக நாட்டின் எல்லா நூல்களுக்கும் பூட்டு நீண்டது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் தகவலுக்குப் பூட்டு கிடையாது. கருத்துக்கும் நிகழ்வுக்கும் பதிப்புரிமை இல்லை, சொன்ன விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. கொல்லிமலைச் சாலையில் எழுபது வளைவு என்பது யாருடைய சொத்தும் அல்ல. அதை வருணித்த ஒரு செய்தியாளரின் வாக்கியம் அவருடையது. தமிழக ஊராட்சிகளுக்கெல்லாம் தானியங்கி நிரல் கொண்டு நீச்சல்காரன் என்ற பயனர் ஆயிரக்கணக்கான விக்கிப்பீடியா கட்டுரைகளை உருவாக்க முடிந்தது, மக்கள்தொகையும் ஒன்றியப் பெயரும் வெறும் தகவல்கள் என்பதால். மூன்று இடங்களில் படித்து, மூடி வைத்துவிட்டுத் தன் நடையில் எழுதி, எங்கே படித்தோம் என்று மேற்கோள் காட்டினால் மாணவருடைய கட்டுரை நிற்கும். சொற்களை இங்குமங்கும் மாற்றிப்போட்டால் நிற்காது.

படத்திலும் இதே கதை. வாசலூர்பட்டிப் படகு இல்லத்தைத் தானே எடுத்த படமென்றால், விக்கித் திட்டங்களின் படங்களும் ஒலிகளும் சேரும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரி சிலையையும் எடுத்துப் போடலாம். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்க 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதே தெருச் சுவரில் இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த சித்திரத்துக்கு இந்தச் சலுகை நீளாது. முகநூலில் யாரோ பகிர்ந்த படம் எந்தக் கணக்கிலும் சேராது.

புதியவர்களைவிடச் சற்றுப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. விக்கிப்பீடியாவுக்குள்ளேயே எடுத்துப் போடுவதற்கு என்ன தடை என்று நினைப்பார்கள். 'வாசலூர் பட்டி' என்று பிரித்து எழுதிய தலைப்பைச் சேர்த்து எழுத விரும்பும் ஒருவர், பழைய பக்கத்தை முழுதாக நகலெடுத்துப் புதிய பக்கத்தில் ஒட்டிவிடுவார். எழுத்து அப்படியே வந்துவிடும், வரலாறு வராது. அதுவரை எழுதிய அத்தனை பேருடைய வேலையும் புதிய பக்கத்தில் ஒட்டியவர் பெயரில் நிற்கும். அதற்காகத்தான் 'நகர்த்து' என்ற வசதி இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தாலும் தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். ஒரு வரி வேலைதான். அந்த ஒரு வரி இல்லாமல் போனதால் பெயர் இழந்தவர்கள் கணக்கில் அடங்கார்.

இதெல்லாம் எழுத்தில் இருப்பவற்றுக்கு. கொல்லிமலையின் அறிவில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. அங்கு வாழும் மலையாளி பழங்குடியினரைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் எடுப்பது 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலைத்தான். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல், ஒட்டினாலும் சட்டம் கேட்காது. அதன் முகப்பில் தர்ஸ்டனின் பெயருக்குக் கீழே, 'உதவி' என்ற அடைமொழியோடு கா. ரங்காச்சாரி பெயர் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பெயரை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதாக, சாமைக் கொல்லையிலும் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்து தங்கள் கல்யாண முறையையும் சாவுச் சடங்கையும் சொன்னவர்களுக்கு முகப்பில் இடமே இல்லை.

விக்கிப்பீடியாவுக்கும் அவர்களைச் சேர்க்கத் தெரியவில்லை. ஏற்கெனவே வெளியிடப்பட்ட நம்பகமான சான்று வேண்டும் என்பது அதன் விதி. 2011இல் அச்சல் பிரபலா என்ற விக்கிமீடியர் வாய்மொழி மேற்கோள் என்ற சோதனையை நடத்தினார். கேரளத்திலும் வட இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விளையாட்டு, சடங்கு, தொழில் ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அதையே சான்றாக வைத்து மலையாளம், இந்தி, வட சோத்தோ மொழிகளில் கட்டுரை எழுதினார்கள். கேரளத்துச் சிறுவர்கள் ஆடும் டப்பாக்களி அப்படித்தான் கட்டுரை ஆனது. விவாதம் சூடாக நடந்தது. வாய்மொழிச் சான்று பொதுவழக்காக ஏற்கப்படவில்லை.

ஆனால் பதிவு செய்வதற்குத் தடையில்லை. மலையிலுள்ள ஒரு பாட்டியிடம் நடவுப் பாட்டைப் பதிவு செய்து பொதுவகத்தில் ஏற்ற விரும்பும் மாணவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. பாட்டு வழிவழியாக வந்தது, அதற்குப் பதிப்புரிமை இல்லை. பதிவின் உரிமை பதிவு செய்தவருக்கு. ஆனால் பாடிய பாட்டிக்கு நிகழ்த்துநர் உரிமை என்று சட்டத்தின் 38ஆம் பிரிவில் தனியாக ஒன்று இருக்கிறது, ஐம்பது ஆண்டுக்கு. ஆகவே பதிவுக்கு முன்பு அனுமதி கேட்க வேண்டும். எங்கே போகும், யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் சம்மதத்தையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்வது நல்லது. கோப்பை ஏற்றும்போது ஆக்கியவர் என்ற கட்டத்தில் மாணவர் தன் பயனர் பெயரை மட்டும் இட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பாட்டி ஒப்புக்கொண்டால் பாடியவர் என்று அவர் பெயரையும் ஊரையும் முதலில் இட்டு, பதிவு செய்தவர் என்று தன் பெயரை அடுத்து இட வேண்டும். பெயர் வேண்டாம் என்று பாட்டி சொன்னால் அதையும் அப்படியே எழுதிவிடலாம்.